படைத்துறையில் தாதியர் பணி
(மன்னாரில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



படைத்துறையிலே தாதியாகப் பணிபுரிவது நம் பிள்ளைகளுக்குத் தக்கதோ, தகாததோ என்னும் வினாவை எம்மிடம் தந்து, இவ்வாண்டு விழாவிலே அதுபற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டிருக்கின்றனர். வினா சிறியது, விடை எளிதன்று. தாதித் தொழில் நல்ல தொழில் என்று சொன்னால் இச்சபையில் எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அதற்கு முன்னே 'படை' என்ற ஒரு சொல்லை வைத்தவுடனே பெரியோர் முகத்திலே கவலை தோன்றுகின்றது.

அக்கவலைக்குக் காரணம் உண்டு. 1983 தொடக்கம் 2009 வரை நடந்த போரின் கொடுமையை அறியாத வீடு இம்மன்னார்க் கரையில் அரிது. 1990 ஒக்டோபரிலே இத்தீவில் வாழ்ந்த முஸ்லிம் சகோதரர்கள் விடுதலைப் புலிகளால் வீடுவாசல் விட்டு வெளியேற்றப்பட்டனர். 1999 நவம்பரிலே மடுத் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் எறிகணை வீழ்ந்து மாண்டனர். எத்தனையோ குடும்பங்கள் இரவிலே படகேறி இராமேசுவரக் கரையை நாடிப் போயின. சீருடை என்றவுடன் நம் தாய்மாருக்கு நினைவு வருவது சோதனைச் சாவடி, வைத்தியசாலை அன்று. ஆதலால், இவ்வினாவுக்குப் 'போ' என்றோ 'போகாதே' என்றோ ஒரு சொல்லில் விடை கூற நாம் இங்கு வரவில்லை. அப்பணி யாது, அதன் தருமம் யாது, அதிலே இறங்க விரும்புவோர் எவற்றை உறுதிசெய்துகொள்ளல் வேண்டும் என்பவற்றை உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றோம்.

முதலிலே ஓர் ஐயத்தை நீக்கிவிடுவோம். நோயாளியைப் பேணும் தொழில் மேல்நாட்டார் நமக்குக் கொண்டுவந்த புதுத்தொழில் அன்று. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன் ஒரு கூறு. தீர்க்கும் வைத்தியன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிருந்து பேணும் 'உழைச்செல்வான்' ஒரு கூறு. வைத்தியனுக்குக் கொடுத்த அதே வரிசையிலே பக்கத்தில் நின்று பணிசெய்வோனையும் வள்ளுவர் வைத்தார் என்பதைக் கவனியுங்கள். தாதி என்ற சொல்லுக்குப் பணிப்பெண் என்றொரு பழம்பொருள் இருப்பதனால் அத்தொழிலைக் குறைவாக எண்ணும் பெரியோர் இன்னும் சிலர் உளர். அவர்கள் அக்குறளை மறுபடி ஒருமுறை படிப்பார்களாக.

போர்க்களத்துக் காயத்தைப் பேணும் வழக்கமும் நமது இலக்கியத்திலே உண்டு. பதிற்றுப்பத்திலே வீரரின் மார்புப் புண்ணை நெடிய ஊசியினாலே தைத்த செய்தி வருகின்றது. புறநானூற்றிலே, காயப்பட்டு வீட்டிற் கிடக்கும் வீரனைச் சுற்றி வேப்பந்தழை செருகி, வெண்சிறுகடுகு தூவி, நறும்புகை காட்டி, இசை பாடிக் காக்கும் பெண்ணைக் காண்கின்றோம். நெடுநல்வாடையிலே பாசறையில் உள்ள அரசன் நள்ளிரவில் உறங்காது, விளக்கொளியிலே காயப்பட்ட வீரரைத் தனித்தனியே கண்டு வருகின்றான். இரவிலே விளக்குடன் காயக்காரரைப் பார்த்து வரும் இந்தக் காட்சிக்கு இணையான ஒன்று பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. அதைப் பற்றியும் சொல்வோம்.

அதற்கு முன், இத்தீவின் முனையிலே நின்று பார்த்தால் தெரியும் இராமர் அணையை எண்ணுங்கள். அவ்வணையைக் கடந்து வந்த சேனை இந்திரசித்தின் பாணத்தால் வீழ்ந்தபோது, அநுமன் மருந்து மலையைக் கொணர்ந்தான். அம்மூலிகையின் மணம் பட்டு வானரர் எழுந்தனர். அரக்கர் ஏன் எழவில்லை? வான்மீகி அதற்கும் காரணம் கூறுகின்றார். தன் பக்கத்து இழப்பு வெளியே தெரியலாகாதென்று இறந்த அரக்கரை உடனுக்குடன் கடலிலே எறியும்படி இராவணன் கட்டளையிட்டிருந்தான். அதனாலே அவர்கள் எழவில்லை. அஃதாவது, மருந்துக் காற்று நண்பன், பகைவன் என்று பேதம் பார்த்து வீசவில்லை. தன் வீரரை அம்மருந்துக்கு எட்டாதபடி செய்தவன் அவர்களுடைய அரசனே. நாம் இன்று பேசவந்த பொருளின் சாரம் இக்கதையிலே அடங்கியிருக்கின்றது.

இனி இக்காலத்துக்கு வருவோம். 1854 இல் கிரைமியா யுத்தத்திலே காயப்பட்ட ஆங்கிலப் போர்வீரர் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரிப் பாசறை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரிலே புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 38 பெண்களுடன் அங்கே சேர்ந்தார். குண்டுபட்டு இறந்தவரிலும் பார்க்க வாந்திபேதி, வயிற்றுளைவு, விஷக்காய்ச்சல் ஆகியவற்றால் இறந்தவரே அதிகம் என்பதை உலகம் அப்போது கண்டது. 1855 வசந்தத்தில் சாக்கடைகள் துப்புரவாக்கப்பட்டு, காற்றோட்டத்துக்கு வழி செய்யப்பட்டது. பெப்ரவரியிலே நூற்றுக்கு 42 ஆக இருந்த மரணவீதம் யூன் மாதத்திலே 2 ஆகக் குறைந்தது. விளக்கேந்திய மாது என்று அம்மையாரைப் புகழ்வர். விளக்கைவிட அவர் கையில் இருந்த கணக்கேடு பெரிது என்போம் நாம். எத்தனை பேர் வந்தார், எத்தனை பேர் எதனால் மாண்டார் என்று எழுதி எண்ணியமையாலேயே அவர் அரசாங்கத்தை அசைக்க முடிந்தது.

அதற்கு ஐந்தாண்டுகளின் பின், 1859 யூன் 24 ஆம் நாள், இத்தாலியிலே சொல்பெரினோ என்னுமிடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. அவ்வழியே வணிக காரியமாகச் சென்ற ஹென்றி டுனாண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், அயலூர்ப் பெண்கள் இரு பக்கத்துக் காயக்காரரையும் வேற்றுமையின்றிப் பேணியதைக் கண்டார். தாமும் அவர்களோடு சேர்ந்து உழைத்தார். அந்த அனுபவத்திலிருந்தே செஞ்சிலுவைச் சங்கமும் 1864 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையும் பிறந்தன. பின்னர் 1949 இல் விரிவாக்கப்பட்ட உடன்படிக்கைகளில் இலங்கை 1959 இல் சேர்ந்தது. 2006 இல் அதற்கென இந்நாட்டிலே ஒரு சட்டமும் இயற்றப்பட்டது.

அவ்வுடன்படிக்கை கூறுவது யாது? காயப்பட்டவன் எந்தப் படையினனாயினும் அவனைப் பேணுதல் வேண்டும். எவனுக்கு முதலிலே மருந்து கட்டுவது என்பதைத் தீர்மானிக்கக் காயத்தின் அவசரம் ஒன்றே காரணமாகலாம். இனமோ, மதமோ, கொடியோ காரணமாகலாகாது. படைத்துறைத் தாதியைத் தாக்குதல் கூடாது. தன்னையும் தன் நோயாளியையும் காக்கவன்றி வேறெதற்கும் தாதி ஆயுதம் தொடுதல் ஆகாது. ஆகவே, படைத்துறைத் தாதி சீருடை அணிந்திருந்தாலும் அவருடைய கடமை காயத்துக்கு உரியது. இதனை நம் இளைஞர் நெஞ்சிலே பதித்துக்கொள்ளல் வேண்டும்.

இத்தகைய பணியிலே தமிழர் ஈடுபட்டதுண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 1899 இல் தென்னாபிரிக்காவிலே போயர் யுத்தம் மூண்டபோது காந்தியடிகள் சுமார் 1,100 பேர் கொண்ட இந்திய அம்புலன்ஸ் படையை அமைத்தார். அவருட் பெரும்பாலோர் நேற்றாலிலே கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர். தமிழ்நாட்டிலிருந்து போனவர் அவரிடையே பலர். டோலியிலே காயக்காரரைச் சுமந்து நாளொன்றுக்கு 20, 25 மைல் வரை நடந்த நாட்களும் இருந்தன. 1906 இல் சூலு மக்கள் கிளர்ந்தபோது காந்தியடிகள் மீண்டும் ஒரு சிறு குழுவுடன் சென்றார். அங்கே சவுக்கடிபட்டுப் புண்கள் சீழ்ப்பிடித்துக் கிடந்த சூலு மக்களைத் தொட்டுக் கழுவ வெள்ளையர் முன்வரவில்லை. அப்புண்களைக் கழுவியவர் இந்தியரே. அரசாங்கத்தின் பக்கத்திலே சீருடையணிந்து போனவர், அரசாங்கம் அடித்தவனுடைய புண்ணுக்கே மருந்திட்டனர்.

1943 இல் சிங்கப்பூரிலே நேதாஜி சுபாஸ் சந்திரபோஸ் அமைத்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர், சென்னையிலே வைத்தியம் கற்ற டாக்டர் இலட்சுமி சுவாமிநாதன். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அப்படையிற் சேர்ந்தனர். அவருள் தாதிப் பயிற்சி பெற்றோர் பர்மாவிலே காயப்பட்ட வீரரைப் பேணினர். பாடசாலை வாசலை மிதியாத பெண்ணும் பயிற்சி கிடைத்தால் புண்ணைக் கழுவிக் கட்டிக் காக்க வல்லவள் என்பதற்கு அஃது ஒரு சான்று.

இதுகாறும் பெருமையைச் சொன்னோம். அபாயத்தை மறைத்தால் அது நேர்மையாகாது. 1944 பெப்ரவரி 12 ஆம் நாள், ஆபிரிக்காவின் மொம்பாசாத் துறையிலிருந்து நம் கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்னும் கப்பல், மாலைதீவுக்கு அண்மையிலே யப்பானிய நீர்மூழ்கியினால் தாக்கப்பட்டுச் சில நிமிடங்களில் மூழ்கியது. 1,297 பேர் மாண்டனர். அவருள் 77 பேர் பெண்கள். அவரிற் பெரும்பாலோர் இராணுவத் தாதியர். இக்கடலிலேயே அவர்கள் அடங்கிக் கிடக்கின்றனர்.

உடன்படிக்கை ஏட்டிலிருந்தும் காவாத நாட்கள் நம் நாட்டிலே இருந்தன. 1987 ஒக்டோபர் 21, 22 ஆம் நாட்களில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலே இந்திய அமைதிப் படையினர் புகுந்தபோது, நோயாளரும் வைத்தியரும் தாதியரும் ஊழியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2009 பெப்ரவரியிலே புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்குள்ளாகி நோயாளர் மாண்டதைச் செஞ்சிலுவைச் சங்கமே உலகுக்கு அறிவித்தது. இவற்றை நாம் இங்கே சொல்வது பழைய பகையை மூட்டுதற்கன்று. படைக்குள்ளே இருந்து "வைத்தியசாலை புனிதமான இடம், இங்கே துப்பாக்கி நுழையலாகாது" என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். அதைச் சொல்லும் தகுதி, அத்தகைய நாட்களைக் கண்ட ஊரிலே பிறந்த பிள்ளைக்கு மற்றெவரைக் காட்டிலும் உண்டு.

இனித் தொழில் முறையைச் சிறிது பார்ப்போம். அயல்நாடாகிய இந்தியாவிலே இத்துறை மிகப் பழையது. 1888 இல் பத்துத் தாதியர் பம்பாயில் வந்திறங்கியதே அதன் தொடக்கம். 1926 இல் அது இந்திய இராணுவத் தாதியர் சேவை என்ற பெயருடன் நிலைபெற்றது. 1943 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே அதன் தாதியர் அதிகாரித் தரம் பெற்றனர். இன்று அங்கே பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் கற்ற மணமாகாத பெண்கள் தெரிந்தெடுக்கப்பட்டு, நான்கு ஆண்டு பட்டப்படிப்பின் பின் லெப்டினன்ற் தரத்திலே சேர்கின்றனர். படிப்புக்குப் பிரதியாகக் குறித்த காலம் சேவை செய்ய ஒப்பமிடல் வேண்டும். இஃது இந்தியக் குடிகளுக்கே உரியது. எல்லைக்கு இப்பாலுள்ள நம் பிள்ளைகள் உதாரணமாகக் கொள்ளலாமேயன்றி விண்ணப்பிக்க இயலாது.

அங்கேயே நிகழ்ந்த ஒரு வழக்கைத் தாய்மார் அறிந்திருத்தல் நன்று. செலினா ஜோன் என்னும் இராணுவத் தாதி, திருமணம் செய்தமை காரணமாக 1988 இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். திருமணத்தைக் காரணமாகக் கொண்டு விலக்கும் அவ்விதி 1995 இல் நீக்கப்பட்டது. எனினும் அவருக்கு நீதி கிடைத்தது 2024 பெப்ரவரியிலேதான். பெண் என்பதனால் மட்டும் ஒருத்தியை இவ்வாறு விலக்குதல் அநீதி என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறி, 60 இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கக் கட்டளையிட்டது. முப்பத்தாறு ஆண்டு! சேவை விதியைச் சேரும் முன்னரே படித்தல் வேண்டும் என்பதற்கு இதனிலும் பெரிய பாடம் வேண்டுமோ?

நம் நாட்டிலே தாதித் தொழில் ஆண், பெண் இருபாலார்க்கும் திறந்திருக்கின்றது. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்றோர் அரசாங்கத் தாதியர் கல்லூரிகளிலே சேரலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே தாதியியற் பட்டப்படிப்பு உண்டு. படையைச் சார்ந்த ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் அப்படிப்பு உண்டு. இலங்கை இராணுவத்தின் வைத்தியக் குழுவினர் 2014 தொடக்கம் ஐக்கிய நாடுகள் சபையின் சார்பிலே தென் சூடானிலே வைத்தியசாலை நடத்தச் சென்றிருக்கின்றனர். அந்நகரின் பெயரும் 'போர்' என்பதே! போர் என்ற ஊரிலே போரினால் நொந்தோரைப் பேணும் பணி, வேற்றுநாட்டு மக்களுக்கு நம் நாட்டார் செய்யும் நற்பணிகளில் ஒன்று.

வடபுலத்துத் தமிழ்ப் பெண்கள் படையிற் சேர்ந்ததும் புதிதன்று. 2012 ஆம் ஆண்டின் இறுதியிலே கிளிநொச்சிப் பகுதியிலிருந்து சுமார் நூறு பெண்கள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டனர். அதைப் பற்றி நம்மவரிடையே பலவாறாகப் பேச்செழுந்தது. வறுமையினால் போனார் என்றனர் சிலர். துணிந்து போனார் என்றனர் சிலர். போனவளைத் தூற்றுவதால் ஒரு பயனும் இல்லை. போக எண்ணுபவள் கண்ணைத் திறந்துகொண்டு போகும்படி செய்வதே சங்கத்தின் கடமை.

ஆதலால் இளையோருக்கு மூன்று வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

முதலாவது: முதலில் முழுத் தாதியாகுங்கள், சீருடை பிறகு வரட்டும். மூன்றாண்டோ நான்காண்டோ கற்று, பதிவு பெற்ற தாதியாகி நிற்பவருக்கு எந்தக் கதவும் அடைபடாது. படையிலே மனம் ஒவ்வாவிட்டால் மன்னார் வைத்தியசாலைக்கோ, சிலாவத்துறைக்கோ, தலைமன்னாருக்கோ வந்து அதே கையால் அதே தொழிலைச் செய்யலாம். தொழில் கையில் இல்லாது சீருடையை மட்டும் நம்பிச் சேர்ந்தவர், சீருடை நீங்கினால் வெறுங்கையராவர்.

இரண்டாவது: ஒப்பமிடும் முன் வாசியுங்கள். தாதிப் பதவிக்கா, வேறு பதவிக்கா எடுக்கின்றனர்? எத்தனை ஆண்டு கட்டாயம்? திருமணம், மகப்பேறு, இடமாற்றம், விலகல் ஆகியவற்றுக்கு விதி என்ன? எந்த மொழியிலே கட்டளை இடுவர்? நோயாளியின் மொழி அறியாத தாதி பாதித் தாதி. சிங்களம் கற்றுக்கொள்ளுங்கள். கற்றால், வலியால் அலறும் சிங்களச் சிப்பாயின் தாய்க்குப் பதிலாக நின்று அவனைத் தேற்ற முடியும். பேசத் தெரியாது தவிக்கும் தமிழ்க் கிழவிக்காக வைத்தியரிடம் பேசவும் முடியும். விதிப் பத்திரம் விளங்காவிடின், விளங்கிய ஒருவரிடம் காட்டி, ஒவ்வொரு வரியாகக் கேட்டறியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது: உங்கள் நெஞ்சைக் கேளுங்கள். இரண்டு டோலிகள் ஒருங்கே வந்து இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலே உங்களுடன் உணவருந்தும் தோழன். கால் எலும்பு முறிந்து கதறுகின்றான். மற்றதிலே எதிர்ப்பக்கத்தவன், சத்தமில்லை, ஆனால் தொடையிலிருந்து குருதி பாய்கின்றது. கதறுபவனுக்கு மூச்சு இருக்கின்றது. அவன் சிறிது பொறுப்பான். சத்தமின்றிக் கிடப்பவன் பொறுக்கமாட்டான். முதலிலே உங்கள் கை எங்கே போகும்? எதிர்ப்பக்கத்தவனுடைய தொடையை இறுக்கிக் கட்டப் போகும் என்று உங்களால் உண்மையாகவே சொல்ல முடியுமானால், நீங்கள் அப்பணிக்கு உரியவர். மேலதிகாரி வேறு விதமாகப் பார்த்தாலும், பக்கத்திலே நிற்போர் முணுமுணுத்தாலும், அக்கை நடுங்கலாகாது. அவ்வுறுதி இல்லையேல் வேறு நல்ல தொழில்கள் எத்தனையோ உண்டு. அவற்றைத் தேடிக்கொள்வதே நலம்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். இரவுக் கடமைக்குப் போகும் பெண்ணை ஐயத்தோடு பார்க்கும் பழக்கம் நம்மிடையே முற்றாக ஒழியவில்லை. வரன் பேசும்போது "தாதியா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்போர் இன்னும் உளர். அதே வீட்டார், தம்மவர் ஒருவர் படுக்கையில் விழுந்தால், "அந்தப் பிள்ளை எப்போது கடமைக்கு வருவாள்?" என்று வாசலைப் பார்த்திருப்பர். தேவைப்படும்போது தெய்வம், பெண் கேட்கும்போது குறைவு என்பது எந்த நீதி? சிவதொண்டு என்றும் சீவகாருணியம் என்றும் மேடையிலே பேசுகின்றோம். புண்ணைக் கழுவும் பிள்ளை அவற்றைக் கையினாலே செய்கின்றாள். அவளுக்கு நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய கைம்மாறு மரியாதையே. நம் ஆண் பிள்ளைகளும் இத்தொழிலை நாடட்டும். வள்ளுவர் 'உழைச்செல்வான்' என ஆண்பாலிலேதானே சொன்னார்!

நம் பிள்ளை படையில் தாதியாவதா, ஊர் வைத்தியசாலையில் தாதியாவதா என்பதை அப்பிள்ளையும் பெற்றோருமே தீர்மானிக்கட்டும். எங்கு நின்றாலும் காயத்தின் பக்கத்திலே நிற்கும் பிள்ளையாக அதை வளர்ப்பது நம் எல்லோர் கடமையுமாகும். போர் மீண்டும் இம்மண்ணில் வாராதிருக்கத் திருக்கேதீச்சரத்துப் பெருமான் அருள்புரிவாராக. அது வாராவிட்டாலும், புயல் வரும், கடற்கோள் வரும், நோய் வரும். அப்போதெல்லாம் அஞ்சாது, அருவருக்காது, பேதம் பாராது அருகிலே நிற்கும் கைகள் இத்தீவிலிருந்து எழுதல் வேண்டும்.